பழைய லேப்டாப்: முடியவில்லையா, மாட்டேன் என்கிறதா?

புதுச்சேரியை ஒட்டிய கடற்கரை ஊரான கோட்டக்குப்பத்து வீடுகளில் பழைய லேப்டாப்புக்குப் பஞ்சமில்லை. ஒன்று, பிள்ளை பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. இன்னொன்று, பிரான்சில் இருக்கும் மாமாவோ சாச்சாவோ புதிது வாங்கிக்கொண்டு பழையதை ஊருக்கு எடுத்துவந்தது. அதன் விசைப்பலகையில் ஏ இருக்கவேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். தட்டச்சு பழகியவர்கள் முதல் வாரம் திணறிப்போவார்கள். இப்போது இரண்டுமே அலமாரி மேல்தட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாம் என்று முயன்றால், இந்தக் கணினிக்கு அந்தத் தகுதி இல்லை என்று திரையில் பதில் வருகிறது.

அதே கணினியில், அண்மையில் வெளிவந்த லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றிச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் ஓடுகிறது. வைஃபை பிடிக்கிறது, ஒலி கேட்கிறது, தமிழில் எழுத முடிகிறது. அந்த லினக்ஸ் பதிப்பும் புதிய இயங்குதளம்தான். விண்டோஸ் 11-ஐவிட அதன் வெளியீட்டுத் தேதி பிந்தியது. ஒரே இயந்திரம் ஒரு புதிய இயங்குதளத்துக்குக் கிழமாகவும் இன்னொன்றுக்குத் திடமாகவும் எப்படி இருக்கமுடியும்?

இது சின்ன விஷயமல்ல. விண்டோஸ் 10 முடிவதால் உலகெங்கும் ஏறக்குறைய 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இல் கணித்தது. அவற்றில் எத்தனை உண்மையிலேயே ஓய்ந்தவை என்பதுதான் கேள்வி.

கணினிக்குள் என்ன நடக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம். எல்லாவற்றுக்கும் அடியில் வன்பொருள்: நுண்செயலி (கடையில் பிராசசர் என்பார்கள்), நினைவகம், தட்டு (ஹார்ட் டிஸ்க்), வைஃபை சில்லு. அதற்கு மேலே நிலைபொருள். பொத்தானை அழுத்தியதும் முதலில் கண்விழிப்பது இதுதான். பயாஸ், யுஇஎஃப்ஐ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கும் மேலே இயங்குதளத்தின் கரு. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், எப்போது நுண்செயலியின் நேரம் என்று பங்கு வைப்பது கருவின் வேலை. அந்தக் கருவுக்கும் ஒவ்வொரு சில்லுக்கும் இடையே நிற்கும் சிறு நிரலுக்கு இயக்கி என்று பெயர். கடைக்காரர் 'டிரைவர் போடணும்' என்று சொல்வது இதைத்தான்.

இயக்கியைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரிப் பக்கத்து வழக்கம் ஒன்று உதவும். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பாட்டிக்கு அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். பாட்டிக்குப் பிரெஞ்சு தெரியாது. தெருவில் பிரெஞ்சு படித்த ஒருவர் வந்து படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக்கொடுப்பார். இயக்கியும் அப்படித்தான்: கருவுக்குத் தெரியாத சில்லின் மொழியை அது பேசும். அந்த மனிதர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று வையுங்கள். பாட்டிக்குக் காது கேட்காமல் போய்விடவில்லை, பென்ஷனும் நின்றுவிடவில்லை. இடையில் ஆள் இல்லை, அவ்வளவுதான். போகுமுன் அவர் யாருக்காவது கற்றுக்கொடுத்திருந்தால் வேலை தொடரும். மூல நிரல் (மனிதர் எழுதிய வடிவம்) எல்லாரும் படிக்கத் திறந்திருக்கும் இயக்கி அப்படிக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனவர். மூடிய இயக்கி கையோடு எல்லாவற்றையும் கொண்டுபோனவர். இயங்குதளம் தன் கருவை மாற்றும்போது மூடிய இயக்கியைத் திருத்த அதை எழுதிய நிறுவனத்தால் மட்டுமே முடியும். பத்து வருடம் முன்பு விற்ற சில்லுக்காக எந்த நிறுவனம் இன்று சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும்?

லினக்ஸ் பழைய இயந்திரங்களில் ஓடுவதற்குப் பெரிய காரணம் இதுதான். மாயமோ எளிமையோ அல்ல. பெரும்பாலான இயக்கிகளின் மூல நிரல் கருவோடு ஒரே இடத்தில் இருக்கிறது. கருவில் ஒரு மாற்றம் செய்பவர் அதனால் பாதிக்கப்படும் இயக்கிகளையும் சேர்த்தே திருத்துகிறார். லினக்ஸ் தோற்கும் இடமும் இதே காரணத்தால்தான் தோற்கிறது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் தவறாமல் காணப்படும் கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் தனக்கென்று ஒரு தனி மொழி பேசுவது. அதை லினக்ஸில் ஓடவைக்க முயன்றவர்களைக் கேட்டால் ஒரு மாலைப்பொழுது போன கதை கிடைக்கும்.

ஆக, 'ஓடாது' என்ற ஒரே விடைக்குப் பின்னால் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கலாம். வன்பொருளால் முடியவில்லை, அல்லது மென்பொருள் மாட்டேன் என்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பிரித்தறிய நல்ல வழி, வன்பொருளை மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றிப்பார்ப்பது. இந்தச் சோதனையைத் தமிழ்நாடு அரசு, அறிந்தோ அறியாமலோ, லட்சக்கணக்கான வீடுகளில் நடத்தியிருக்கிறது.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் தவணை இயந்திரங்களில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றது பாஸ் லினக்ஸ். அதைச் சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. கணினியை இயக்கும்போது எது வேண்டுமென்று தேர்ந்துகொள்ளலாம். ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்டின் மலிவுப் பதிப்பு. 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு நினைவகம் செருகினாலும் அது கண்டுகொள்ளாது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்றவிடாது. அதே கணினியை அணைத்து பாஸில் திறந்தால் இந்தத் தடைகள் எதுவும் கிடையாது. பின்னணிப் படத்தை மாற்ற முடியாத அளவுக்கு எந்த நுண்செயலியும் பலவீனமானதல்ல. அந்தத் தடை உரிமத்தில் இருந்தது, சிலிக்கானில் இல்லை. பாஸ் பக்கம் போகாத மாணவர்கள் ஏராளம் என்பது வேறு கதை.

அந்த ஸ்டார்ட்டர் 32 பிட் பதிப்பாக மட்டுமே வந்தது. 32 பிட் என்றால், நினைவகத்தின் ஒவ்வொரு அறைக்கும் 32 இலக்க இரும எண்ணில் முகவரி. அப்படி 4,29,49,67,296 முகவரிகள்தான் எழுதமுடியும். அதாவது 4 ஜிபி. அந்தக் காலத்து லேப்டாப் சில்லுகளில் பெரும்பாலானவை 64 பிட்டுக்குத் தயாராகவே இருந்தன. உங்கள் வீட்டுக் கணினி '32 பிட்' என்று காட்டினால், சொல்வது இயங்குதளம், சில்லு அல்ல. பலர் இங்கேதான் ஏமாந்து நல்ல இயந்திரத்தைத் தள்ளிவிடுகிறார்கள்.

இப்போது விண்டோஸ் 11-க்கு வருவோம். 2021 அக்டோபரில் வந்த இது கேட்பவை: 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பெரும்பாலும் 2017-க்குப் பிந்தைய நுண்செயலி. முதல் இரண்டைப் பழைய கணினியிலும் தேற்றிவிடலாம். தகராறு பின்னிரண்டில். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் பட்டியலில் சேர்த்தி. ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் இடையே நுண்செயலி பேசும் மொழி மாறிவிட்டதா என்றால், இல்லை. ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0-உம் உண்டு. இருந்தும் இடமில்லை. சில விதிவிலக்குகளில் ஒன்றாக, கோர் ஐ7-7820எச்க்யூ என்ற ஏழாம் தலைமுறைச் சில்லைப் பின்னர் பட்டியலில் சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் அப்போது விற்றுக்கொண்டிருந்த தன் சொந்தக் கணினி ஒன்றில் அந்தச் சில்லுதான் இருந்தது. நான் இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நிறுவும் நிரல் செய்யும் இந்தத் தகுதிச் சோதனையை நீக்கிவிட்டால் என்ன ஆகும்? நீக்கிப் பார்த்தார்கள். ரூஃபஸ் என்ற இலவசக் கருவி, நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கும்போதே அந்தச் சோதனைகளைக் கழற்றிவிடும். அப்படி நிறுவிய விண்டோஸ் 11, பத்தாண்டுப் பழைய லேப்டாப்புகளிலும் ஓடியது. மாட்டேன் என்றதுதான், முடியாமல் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் 2024-இல் வந்த 24எச்2 பதிப்பில் கதை மாறியது. மிகப் பழைய சில கணினிகளில், சோதனையை என்னதான் கழற்றினாலும், அது எழுந்து நிற்கவே இல்லை. இது இன்னொரு வகை. ஒவ்வொரு நுண்செயலிக்கும் தனக்குத் தெரிந்த ஆணைகளின் பட்டியல் ஒன்று உண்டு. ஆணைத்தொகுதி என்று சொல்லலாம். கூட்டு, பெருக்கு, இங்கிருந்து அங்கே நகர்த்து என்பன போல. புதிய தலைமுறைகளில் புதிய ஆணைகள் சேரும். 2008 வாக்கில் இன்டெல் சில்லுகளில் சேர்ந்தவற்றுள் ஒன்று பாப்கவுன்ட்: ஓர் இரும எண்ணில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று ஒரே அடியில் எண்ணிச்சொல்வது. 24எச்2-வின் கருவில் இந்த ஆணை நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. கோர் 2 டுவோ காலத்துச் சில்லுக்கு அது தெரியாது. தெரியாத ஆணை வந்தால் நுண்செயலி ஊகித்துப் பார்க்காது; பிழை என்று நின்றுவிடும். இங்கே நிஜமாகவே முடியவில்லை.

அந்த முடியாமையையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். ஒன்றுகளை எண்ணுவதற்குப் பழைய சில்லுக்கும் வழி உண்டு. ஒரு அடிக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு அடி ஆகும். மனிதர் எழுதும் நிரலைச் சில்லின் ஆணைகளாக மாற்றித்தருவது தொகுப்பி என்ற மென்பொருள். பழைய ஆணைகளை மட்டும் பயன்படுத்து என்று தொகுப்பியிடம் சொல்லி மறுபடி தொகுத்தால் அதே இயங்குதளம் பழைய சில்லிலும் ஓடும். அதற்கு மூல நிரல் கையில் இருக்கவேண்டும்.

மூல நிரல் இல்லாமலும் இதைச் சாதித்த சம்பவம் ஒன்று ஆப்பிள் உலகில் நடந்தது. 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுரா, ஏவிஎக்ஸ்2 என்ற ஆணைகளை எதிர்பார்த்தது. 2012-ஆம் ஆண்டு மேக்புக்குகளுக்கு அவை தெரியாது. கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அந்தச் சமயத்தில் ஆப்பிள் இன்டெல் சில்லுகளை விட்டுத் தன் சொந்த எம் வரிசைச் சில்லுகளுக்கு மாறிக்கொண்டிருந்தது. இன்டெலுக்கு எழுதிய பழைய செயலிகள் புதிய சில்லில் ஓடுவதற்காக ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு நிரலையும் தந்திருந்தது. அந்த ரொசெட்டாவுக்கும் அப்போது ஏவிஎக்ஸ்2 தெரியாது! அதற்காகவே அந்த ஆணைகள் இல்லாமல் தொகுத்த நிரலகப் பிரதி ஒன்றை ஆப்பிள் அதே இயங்குதளத்துக்குள் வைத்திருந்தது. ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற தன்னார்வத் திட்டத்தினர் அதைக் கண்டுபிடித்து, புத்தம்புதிய மேக்குக்காக வைத்த பிரதியை எடுத்துப் பழைய மேக்கில் பொருத்தினார்கள். ஓடியது. கணினி வரலாற்றில் எனக்குப் பிடித்த துப்பறியும் கதைகளில் இதற்கு முதலிடம்.

விலை இல்லாமல் இல்லை. அந்த மேக்குகளின் வரைகலைச் சில்லுக்கான இயக்கியை ஆப்பிள் முன்பே நீக்கிவிட்டிருந்தது. பழைய பதிப்பிலிருந்து அதை எடுத்துச் செருக, இயங்குதளத்தின் மீது ஆப்பிள் வைத்திருக்கும் முத்திரையை உடைக்கவேண்டும். யாரும் உள்ளே கைவைக்கவில்லை என்பதற்கான உறுதிதான் அந்த முத்திரை. நல்ல காரியத்துக்காகத் திறந்த கதவு, திறந்த கதவுதான்.

'மாட்டேன்' என்பதற்கும் நியாயம் இருக்கலாம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். கருவுக்குள் அந்நிய நிரல் நுழையாமல் காக்கும் காவல் ஒன்றை விண்டோஸ் 11 எப்போதும் வைத்திருக்க விரும்புகிறது. அந்தக் காவலுக்கு உதவும் வசதி புதிய நுண்செயலிகளில் உள்ளேயே இருக்கிறது. பழையவற்றில் மென்பொருளால் நடித்துக் காட்டவேண்டும், வேகம் குறையும். டிபிஎம் சில்லு, தட்டைப் பூட்டும் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும். இயக்கம் தொடங்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஓடிய நிரலின் கைரேகையைக் குறித்தும் வைக்கும்.

இன்னொரு வாதம் நம்பகம். தகுதியில்லாத கணினிகளில் கருநிலைச் செயலிழப்பு 52 சதவீதம் அதிகம் என்று 2021 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் சொன்னது. பயமுறுத்தும் எண். அதே அறிவிப்பிலேயே, தகுதியுள்ள கணினிகளில் 99.8 சதவீதம் சிக்கலற்ற அனுபவம் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே அளவுகோலில் எடுத்தவை என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 0.2 என்பது 52 சதவீதம் கூடி ஏறக்குறைய 0.3 ஆகிறது. சதவீதத்தின் சதவீதத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களிடம் அடிப்படை எண் என்ன என்று கேட்டுவிடுங்கள். பாதி பயம் போய்விடும்.

போகாத மீதிப் பாதி, திருத்தங்கள் நின்றுபோவதைப் பற்றியது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆதரவு நின்ற மறுநாள் விண்டோஸ் 10 கெட்டுப்போகவில்லை. நேற்று ஓடியது போலவே ஓடியது. ஆபத்து வருவது வேறு வழியில். விண்டோஸ் 10-உம் 11-உம் பெருமளவு ஒரே நிரலைப் பகிர்ந்துகொள்பவை. 11-இல் ஓர் ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிட்டால், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். பார்க்கிறவன் திருடனாக இருந்தால், ஓட்டை எங்கே என்று அவனுக்கு முகவரி கிடைத்துவிட்டது. 10-இல் அதே ஓட்டை அடைக்கப்படாமல் இருக்கும். 2017-இல் வானாக்ரை நச்சுநிரல் பரவியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, தாக்குதல் மே மாதம். மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 காரர்கள். தகுதியில்லாத கணினியில் சோதனையைக் கழற்றிவிட்டு விண்டோஸ் 11 போட்டால், இன்று திருத்தங்கள் வரும். நாளைக்கும் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

லினக்ஸும் எல்லாக் காலத்துக்கும் எல்லாரையும் தூக்கிச் சுமப்பதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கியது இன்டெல் 386 சில்லில். அந்த 386-க்கான ஆதரவையே 2012-இல் கருவிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் மட்டும் தெரிந்த கணினிகளில் நிறுவுவதற்கான பதிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் அளவுகோல் வேறு: கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும்வரை வைத்திருக்கிறார்கள்.

'ஓடுகிறது, ஆனால் நகரமாட்டேன் என்கிறது' என்பதுதான் பலருடைய புகார். இதில் நுண்செயலியைக் குற்றம் சொல்லுமுன் தட்டைப் பாருங்கள். பழைய லேப்டாப்பின் சுழல்தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று, நொடிக்கு 90. வேண்டிய தகவல் முள்ளின் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 5.6 மில்லிநொடி காத்திருக்கவேண்டும். முள் சரியான தடத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை நொடிக்கு அறுபது வாக்கில்தான் எடுக்கமுடியும். இன்றைய இயங்குதளம் எழும்போதே இத்தகைய சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் கேட்கும். சுழல்தட்டுக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமில்லை. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். கையில் கொஞ்சம்தான் பணம் என்றால் எஸ்எஸ்டிக்கு முதலில் கொடுங்கள். நினைவகத்தை 8 ஜிபி ஆக்குவது அடுத்தது.

எந்த இயங்குதளத்தாலும் தடுக்க முடியாத சேதம் ஒன்றும் இந்தக் கரையில் உண்டு. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் காற்றில் உப்பு. உப்புத்தூள், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கணினிக்குள் விசிறி இழுத்துவிட்ட உப்புத் துகளுக்கும் இதே விதி. ஈர இரவில் அது கரைசலாகிச் செம்புத் தடங்களை அரிக்கும். நெருங்கிய இரு முனைகளுக்கு நடுவே மின்சாரம் கசிய வழியும் போடும். ஆகவே இங்கே ஒரு லேப்டாப் திடீர் திடீரென்று அணைந்தால், இயங்குதளத்தை மாற்றுமுன் பின்மூடியைக் கழற்றி, நினைவகப் பட்டையின் முனைகளையும் விசிறியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் வேறு பேச்சில்லை, அன்றே கழற்றிவிடவேண்டும். நேரமும் தேதியும் தானே பத்து வருடம் பின்னே போனால், கைக்கடிகார பேட்டரி போன்ற சிறு வில்லை ஒன்று தீர்ந்திருக்கும். தேதி தவறானால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுகள் செல்லாதவையாகத் தெரிந்து, எந்தத் தளமும் திறக்காது. இயந்திரம் போய்விட்டது என்று விற்றுவிடுவார்கள். வில்லையின் விலை ஒரு டீ, வடைக் காசு.

அலமாரியில் இருப்பதை எடுங்கள். 64 பிட் சில்லா என்று பாருங்கள். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப்பாருங்கள்; தட்டில் இருக்கும் எதையும் நீங்கள் சொல்லாமல் அது தொடாது. வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு ஐந்தையும் சோதியுங்கள். பிரெஞ்சு விசைப்பலகை என்றால் அமைப்புகளில் விசைப்பலகை அடுக்கை ஆங்கிலத்துக்கு மாற்றலாம். விசைமேல் அச்சிட்டிருப்பதை மட்டும் கண் மறக்கவேண்டும். தனியாகச் செய்யத் தயக்கமிருந்தால், விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும் இருக்கின்றன, தன்னார்வலர்கள் சொல்லித்தருவார்கள். டேலி போல விண்டோஸை நம்பியே பிழைப்பு என்றால், விண்டோஸ் 10-க்கான கூடுதல் பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பயனர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. அதற்குள் முடிவெடுக்கவேண்டும், எதைச் செய்வதற்கு முன்பும் படங்களையும் கோப்புகளையும் வேறொரு தட்டில் பிரதி எடுத்துவையுங்கள்.